படத்துக்கும் தாய்ப்பத்திரம் உண்டு: ஆவணப்பட இயக்குநரே வழக்கறிஞராகவும் இருந்தால்

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். பிறகு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போயிருந்தால் பேரம் அங்கேயே நின்றுவிடும். ஆவணப்படத்தை வாங்க வரும் டிவி சேனலும் ஓடிடி தளமும் கேட்பது ஏறக்குறைய இதேதான். படத்தில் தெரிகிற முகம், ஒலிக்கிற பாட்டு, இடையில் வரும் பழைய காட்சித் துண்டு என்று ஒவ்வொன்றும் எந்தக் காகிதத்தின் வழியாகத் தயாரிப்பாளர் கைக்கு வந்தது என்று காட்ட வேண்டும். தொழிலில் இதற்கு 'செயின் ஆஃப் டைட்டில்' என்று பெயர்.

அமெரிக்காவில் இந்தக் காகிதங்களை எழுதுவதும் சரிபார்ப்பதும் என்டர்டெயின்மென்ட் லாயரின் வேலை. அவர் கோர்ட் படியேறுவது அபூர்வம். பெரும்பாலான நாட்கள் ஒப்பந்தம் எழுதுவதிலும், பேரம் பேசுவதிலும், எடிட்டிங் முடியாத ரஃப் கட்டைப் பார்த்துக் குறிப்பெடுப்பதிலும் போகும். ஆவணப்படம் எடுப்பவரே சட்டம் படித்தவராகவும் இருப்பது அங்கே புதிதல்ல. பிரெடரிக் வைஸ்மன் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, பாஸ்டனில் அதைக் கற்பித்த பிறகுதான் படம் எடுக்க வந்தார். இரண்டு வேலையும் ஒருவரிடமே சேர்ந்தால் நிறைய லாபம் உண்டு. சில இடங்களில் ஒன்றோடொன்று இடிக்கவும் செய்யும்.

ஃப்ரேமுக்குள் இருப்பதெல்லாம் யாருடையது?

கதைப்படத்தில் ஃப்ரேமுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் யாரோ கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஆவணப்படத்தில் காமிரா போகிற இடத்தில் உலகம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. சுவரில் போஸ்டர், ரேடியோவில் பாட்டு, யாரோ ஒருவரின் ரிங்டோன் என்று எல்லாமே பிறருடைய சொத்து.

ஜான் எல்ஸ் என்ற இயக்குநர் 1990ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பெரா மேடைப் பணியாளர்களைப் படமெடுத்தார். மேடையில் வாக்னரின் இசை நாடகம் நடக்க, பின்னால் பணியாளர்கள் செக்கர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்த டிவியில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்த படத்தில் அந்த டிவி தெரிந்தது நாலரை விநாடிதான். அதற்கு உரிமையாளர் நிறுவனம் கேட்டது 10,000 டாலர். கடைசியில் அந்தச் சின்னத் திரையில் தன்னுடைய பழைய படம் ஒன்றின் காட்சியை ஒட்டித்தான் எல்ஸ் படத்தை வெளியிட்டார்.

சட்டம் தெரிந்த இயக்குநர் லொகேஷனுக்குப் போனதும் டிவியை அணைக்கச் சொல்வார், ரேடியோவை நிறுத்தச் சொல்வார் என்று நினைக்கலாம். எப்போதும் அப்படியில்லை. அணைத்தால் அந்த இடத்தின் உண்மை போய்விடும் என்றால் ஓடவிட்டே எடுப்பார். ஆனால் அதே மூச்சில் டிவி தெரியாத கோணத்தில் ஒரு ஷாட், பாட்டு நின்ற பிறகு 30 விநாடி வெறும் அறை ஒலி என்று மாற்றும் எடுத்துவைப்பார். எடிட்டிங் மேஜையில் உரிமை கிடைக்காமல் போனால் கைகொடுப்பது இந்த மாற்றுதான்.

காமிராமேன் நண்பராக இருந்தாலும் கையெழுத்து வேண்டும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது வெளியார் சொத்தில் அல்ல, தங்கள் படத்தின் சொந்த ஃபுட்டேஜில். ஒருநாள் உதவிக்கு வந்த நண்பர் காமிரா பிடித்தார், சம்பளம் எதுவும் இல்லை, காகிதமும் இல்லை. அவர் எடுத்த காட்சிகளுக்குப் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், தனக்குத்தான் என்று அவர் பின்னாளில் சொன்னால் மறுப்பது கடினம். சம்பளம் கொடுத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. அமெரிக்கச் சட்டப்படி நிரந்தர ஊழியரின் வேலை முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸரின் வேலை அப்படிச் சேர வேண்டுமானால் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும்; அதற்கு 'ஒர்க் மேட் ஃபார் ஹயர்' என்று பெயர். கவனமான வழக்கறிஞர் கூடவே இன்னொரு வரியும் சேர்ப்பார்: ஏதோ காரணத்தால் இது அந்த வகையில் சேரவில்லையென்றால், உரிமை முழுவதையும் இதன்மூலம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. ஒரு பூட்டு கழன்றாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

காமிரா, ஒலிப்பதிவு, எடிட்டிங், இசை, அனிமேஷன், கிராஃபிக்ஸ் என்று எல்லாருக்கும் இது பொருந்தும். கையெழுத்து வாங்க வேண்டிய நேரம் வேலை தொடங்கும் முன். படம் விற்பனைக்குப் போகும் நேரத்தில் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்துக் கேட்டால், அவர் அதற்கு ஒரு விலை சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொரு சங்கிலி அறுபடும் இடம் கம்பெனி. ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஓர் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி, தொடங்குவது அங்கே வழக்கம். ஒரு படத்தின் வழக்கு மற்றொன்றின் சொத்தைத் தொடாமல் இருக்க. ஆனால் ஆரம்ப மாதங்களில் வாங்கிய ஒப்புதல்களெல்லாம் இயக்குநரின் சொந்தப் பெயரில் இருக்கும். அவற்றைக் கம்பெனிக்கு மாற்றும் ஒரு பக்க ஆவணத்தில் கையெழுத்திட மறந்துபோனால், படத்தின் பாதி உரிமை தனி மனிதரிடமும் மீதி கம்பெனியிடமும் கிடக்கும். வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கண்டுபிடிப்பது இதைத்தான்.

ரிலீஸ் ஃபார்ம்: ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

பேட்டி கொடுப்பவரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் நல்லது. அவருடைய உருவம், குரல், பெயர், சொன்ன தகவல் ஆகியவற்றை இந்தப் படத்திலும் அதன் விளம்பரத்திலும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், கால வரம்பின்றிப் பயன்படுத்தலாம். எடிட் செய்யும் உரிமை தயாரிப்பாளருக்கு. தயாரிப்பாளர் இந்த உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இவற்றோடு, பின்னால் சச்சரவு வந்தால் இழப்பீடு கேட்கலாமே தவிர படத்தை நிறுத்தும் தடையாணை கேட்கக்கூடாது என்ற ஒரு வரி. படத்தை வாங்குபவருக்கு இந்தக் கடைசி வரி மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியம். 18 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. வீடு, கடை, பள்ளிக்குள் எடுத்தால் இடத்துக்குத் தனிக் கடிதம்; அதில் கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கட்டட உரிமையாளர் அல்ல.

கடிதம் மட்டும் போதாது, காமிராவிலும் சொல்ல வைப்பது நல்ல பழக்கம்: பெயர், தேதி, படத்தின் பொருள் இன்னது என்று எனக்குச் சொல்லப்பட்டது, சம்மதம். கையெழுத்திட்டவரின் முகத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து, கோப்புக்கு ஷூட்டிங் தேதியையும் அவர் பெயரையும் வைத்தால், இரண்டு வருடம் கழித்து 140 கடிதங்களில் எந்தக் கையெழுத்து யாருடையது என்று திண்டாட வேண்டியதில்லை.

சட்டம் படித்தவரே இங்கே சிக்கியிருக்கிறார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநலம் பாதித்த குற்றவாளிகளுக்கான பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையில் 1966ல் வைஸ்மன் எடுத்த 'டிட்டிகட் ஃபாலீஸ்' 1967ல் முடிந்தது. அதிகாரிகளின் அனுமதி அவருக்கு இருந்தது, ஆனால் முக்கியமான பகுதி வாய்மொழியாக. உள்ளே இருந்த பலரிடம் செல்லத்தக்க எழுத்து ஒப்புதல் இல்லை. சிலர் ஒப்புதல் தரும் மனநிலையில் இருந்தார்களா என்பதே கேள்வி. ஒப்பந்த மீறல், அந்தரங்க உரிமை மீறல் என்று மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1969ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் போன்றோரும் அத்துறை மாணவர்களும் மட்டும் பார்க்கலாம் என்று சுருக்கியது. பொதுமக்களுக்குக் காட்டத் தடை நீங்கியது 1991ல். யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதோடு, அவரால் கையெழுத்திட முடியுமா என்றும் கேட்க வேண்டும் என்பது அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் எழுதப்படாத விதி.

ஒருவர் மேல் சேறு விழும் விதம்

அவதூறு என்றால் யாரோ ஒருவரைத் திட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில் அது நடப்பது பெரும்பாலும் எடிட்டிங்கில். பின்னணிக் குரல் 'இந்தத் தெருவில் போதை வியாபாரம் பெருகியது' என்கிறது. அதே நேரம் திரையில் தெருவில் நடந்துபோகும் ஒருவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவராக இருக்கலாம். குரலும் முகமும் ஒட்டிக்கொண்டதும் குற்றச்சாட்டு அவர்மேல் விழுந்துவிட்டது. முதுகுப்பக்கம் எடுத்த ஷாட்டோ, முகத்தை மங்கலாக்குவதோ, குரலை மூன்று விநாடி தள்ளிப்போடுவதோ போதும். ஆனால் அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

அதற்காகத்தான் குறிப்புகளுடன் கூடிய ஸ்கிரிப்ட். ரஃப் கட்டில் வரும் ஒவ்வொரு உண்மைக் கூற்றுக்கும் அது படத்தில் வரும் நேரத்தைக் காட்டும் டைம்கோட், சொன்னவர் யார், ஆதாரம் எது என்று பக்கத்தில் எழுதுவது. ஒரு மணி நேரப் படத்துக்கு இது பல நாள் வேலை. இயக்குநருக்கு எரிச்சலூட்டும், வழக்கறிஞருக்குப் பிடித்தமான வேலை. இரண்டும் ஒருவரே என்றால் ஷூட்டிங் போதே ஆதாரம் சேர்ந்துவிடும்.

பாட்டும் பழைய ஃபுட்டேஜும்

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள். மெட்டும் வரிகளும் ஒன்று. அதற்கு சிங்க் லைசென்ஸ், மியூசிக் பப்ளிஷரிடம். ஒலிப்பதிவு இன்னொன்று, அதற்கு மாஸ்டர் லைசென்ஸ், ரெக்கார்ட் கம்பெனியிடம். ஒன்று மட்டும் கிடைத்தால் பாட்டைப் பயன்படுத்த முடியாது. இருவரில் யாருக்கு அதிகம் கொடுத்தாலும் மற்றவருக்கும் அதே தொகை என்ற 'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்ஸ்' ஷரத்து ஒப்பந்தத்தில் இருப்பது சாதாரணம். அதைப் படிக்காமல் ஒருவருக்குத் தாராளமாகத் தலையாட்டினால் செலவு இரட்டிப்பாகும்.

உரிமை கேட்பவர் உண்மையில் உரிமையாளர்தானா என்று பார்ப்பதும் இதில் சேரும். 'ஹேப்பி பர்த்டே' பாட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஜெனிஃபர் நெல்சன் அந்தப் பாட்டுக்காக 1,500 டாலர் கட்டினார். பிறகு 2013ல் வழக்குத் தொடுத்தார். கட்டணம் வசூலித்துவந்த நிறுவனத்திடம் அந்த வரிகளுக்குச் செல்லத்தக்க பதிப்புரிமை இல்லை என்று 2015ல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு 1.4 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. இங்கே வில்லங்கம் போட்டுப் பார்த்தவர் ஓர் ஆவணப்பட இயக்குநர்.

பழைய ஃபுட்டேஜுக்கு விலை விநாடிக் கணக்கிலோ நிமிடக் கணக்கிலோ. அதைவிட முக்கியம் மூன்று கேள்விகள்: எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை வருடம். கையில் காசில்லாத இயக்குநர் 'விழாக்களுக்கு மட்டும், ஒரு வருடம்' என்று மலிவாக வாங்குவார். அதில் தவறில்லை, ஆனால் அதே கடிதத்தில் 'பின்னால் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக வாங்கினால் இன்ன விலை' என்று எழுதி வாங்கிவிட வேண்டும். படம் பரிசு வாங்கிய பிறகு கேட்டால் விலை வேறு.

காலக்கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஐஸ் ஆன் த பிரைஸ்' தொடர் சாட்சி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய, 1987ல் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் அது. பழைய செய்திப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய உரிமங்கள் 1990களின் நடுவில் காலாவதியாக, தொடரை ஒளிபரப்பவோ டிவிடியாக விற்கவோ முடியாமல் போனது. நிதியுதவி திரட்டி உரிமங்களைப் புதுப்பித்த பிறகு 2006ல்தான் அமெரிக்கப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸில் மீண்டும் வந்தது.

ஃபேர் யூஸ்

அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் பிறர் படைப்பின் ஒரு பகுதியைப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107வது பிரிவு. நீதிமன்றம் நான்கு விஷயங்களை எடைபோடும்: எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், மூலப் படைப்பின் தன்மை என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தையை எவ்வளவு பாதிக்கும். ஏழு விநாடி வரை இலவசம், 30 விநாடி வரை இலவசம் என்பதெல்லாம் சுத்தக் கட்டுக்கதை. அப்படி எந்த எண்ணும் சட்டத்தில் இல்லை.

நடைமுறையில் வழக்கறிஞர் ரஃப் கட்டின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் கேட்பது மூன்று கேள்விகள். இந்தத் துண்டு படம் சொல்லும் ஒரு கருத்தை நிறுவுகிறதா? அந்தக் கருத்துக்குத் தேவையான அளவுதான் எடுத்திருக்கிறதா? இரண்டுக்கும் உள்ள தொடர்பு சாதாரணப் பார்வையாளருக்குப் புரியுமா? ஒரு அரசியல்வாதியின் விளம்பரத்தைக் காட்டி, அது பயத்தை எப்படி விற்கிறது என்று ஒருவர் விளக்கினால் மூன்றுக்கும் ஆம். அதே விளம்பரத்தின் இசையை மட்டும் எடுத்து வேறொரு காட்சியின் கீழ் ஓட்டினால் மூன்றுக்கும் இல்லை. பல சமயம் எடிட்டிங்கில் ஒரு வாக்கியம் சேர்த்தாலே இல்லை என்பது ஆம் ஆகிவிடும். இரண்டு தொழிலும் தெரிந்தவர் தன் சம்பளத்துக்கு ஈடுகட்டுவது இந்த இடத்தில்தான்: வெளி வழக்கறிஞர் 'எடுத்துவிடு' என்பார், இவர் 'விளக்கக் குரலை நான்கு விநாடி முன்னால் தொடங்கு, கடைசி ஆறு விநாடியை வெட்டு' என்பார்.

2005ல் அமெரிக்க ஆவணப்பட அமைப்புகள் சேர்ந்து ஃபேர் யூஸுக்கான நல்ல நடைமுறை அறிக்கையை வெளியிட்டன. அதன் பிறகுதான் படங்களுக்கு வழக்குக் காப்பீடு தரும் நிறுவனங்கள், இது ஃபேர் யூஸ்தான் என்று வழக்கறிஞர் எழுதும் கருத்துக் கடிதத்தை நம்பி ஃபேர் யூஸ் துண்டுகளையும் ஏற்கத் தொடங்கின. 2023ல் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அறக்கட்டளை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புதிய பயன்பாடும் மூலத்தின் அதே வேலையைத்தான் செய்கிறது என்றால் வாதம் வலுவிழக்கும் என்றதால், நோக்கம் பற்றிய முதல் கேள்விக்கு இப்போது இன்னும் கவனமாக விடை எழுதுகிறார்கள். இங்கிலாந்து, இந்தியா போன்ற நாடுகளில் இருப்பது ஃபேர் டீலிங். விமர்சனம், நடப்புச் செய்தி என்று நோக்கங்களைச் சட்டமே வகுத்திருக்கிறது. ஓரிடத்தில் செல்லும் வாதம் மற்றோரிடத்தில் அப்படியே செல்லாது.

இ அண்ட் ஓ காப்பீடு

இவை எல்லாம் போய்ச் சேரும் இடம் எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் காப்பீடு. அவதூறு, அந்தரங்க மீறல், பதிப்புரிமை மீறல், தலைப்புச் சிக்கல் என்று வழக்கு வந்தால் செலவை ஏற்கும். ஒளிபரப்பாளர்கள் வழக்கமாகக் கேட்பது ஒரு வழக்குக்கு 10 லட்சம் டாலர், மொத்தமாக 30 லட்சம் டாலர் வரம்பு. விண்ணப்பத்தில் தலைப்புத் தேடல் அறிக்கை (அதே பெயரில் வேறு படம் உண்டா என்று பார்த்தது), ஒப்புதல்கள், லைசென்ஸ்கள், உரிமைகளைச் சரிபார்த்த கிளியரன்ஸ் வழக்கறிஞரின் பெயர் எல்லாம் கேட்கப்படும். அந்தப் பெயரும் இயக்குநரின் பெயரும் ஒன்றாக இருப்பது நல்லதல்ல. தன் படத்தில் ஒரு காட்சியைக் காப்பாற்ற நினைப்பவர், அந்தக் காட்சி சட்டப்படி சரி என்று தானே சான்று எழுதினால் அதற்கு எடை குறைவு. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கருத்துக் கடிதத்தை வெளியாள் ஒருவரிடம் வாங்குவதே சரி.

இரண்டு கடமை மோதும் இடங்கள்

வழக்கறிஞரின் விசுவாசம் கட்சிக்காரருக்கு. இயக்குநரின் விசுவாசம் படத்துக்கு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான பார் அசோசியேஷனின் மாதிரி நடத்தை விதிகள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கின்றன. மாநிலங்கள் சிறு மாற்றங்களுடன் அவற்றை ஏற்றிருக்கின்றன. விதி 1.8இன் 'டி' பிரிவு இப்படிப்பட்டவர்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்: வழக்கு முடியும் முன், அந்த வழக்கில் கிடைத்த தகவலை வைத்துப் படமோ புத்தகமோ எடுக்கும் உரிமையைக் கட்சிக்காரரிடம் பேசி வாங்கக்கூடாது. வழக்கு பரபரப்பாக ஓடினால் படத்துக்கு நல்லது, சீக்கிரம் சமரசமானால் கட்சிக்காரருக்கு நல்லது. அந்த இழுபறியைத் தடுக்கத்தான். அதே விதியின் 'ஏ' பிரிவின்படி, கட்சிக்காரரோடு சேர்ந்து படம் தயாரிப்பது வியாபார உறவு. நிபந்தனைகள் நியாயமாக, எழுத்தில் இருக்க வேண்டும். வேறு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

சின்னதாகத் தோன்றி பெரிதாக வெடிப்பது விதி 4.3. ரிலீஸ் ஃபார்மை நீட்டும்போது பேட்டி கொடுப்பவர் கேட்பார்: 'நீங்களே வக்கீல்தானே, இதில் கையெழுத்துப் போடலாமா?' அவருக்கு வேறு வழக்கறிஞர் இல்லை, அவருடைய நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. 'போடலாம்' என்பதே சட்ட ஆலோசனையாகிவிடும். சரியான பதில்: 'நான் உங்கள் வக்கீல் இல்லை, படத்தின் தரப்பில் பேசுகிறேன். சந்தேகம் இருந்தால் உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.' காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்வது இன்னும் நல்லது.

எடிட் செய்யாத ரா ஃபுட்டேஜுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஈக்வடார் எண்ணெய் மாசு வழக்கைப் பற்றி 2009ல் 'குரூட்' படத்தை எடுத்த ஜோ பெர்லிங்கரிடம், வெளியிடாத சுமார் 600 மணி நேரக் காட்சிகளை, அந்த வழக்கில் பிரதிவாதியான எண்ணெய் நிறுவனம் கேட்டது. 2010ல் கீழ் நீதிமன்றம் ஒப்படைக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் எந்தெந்தக் காட்சிகள் என்பது சுருங்கியது. ஆனால் வாதிகளின் வழக்கறிஞர் அழைத்துத் தொடங்கிய படம், எனவே செய்தியாளருக்குரிய பாதுகாப்பைக் கோரும் சுதந்திரம் நிறுவப்படவில்லை என்று 2011ல் நீதிமன்றம் விளக்கியது. வழக்கின் வழக்கறிஞரே இயக்குநராகவும் இருந்தால் அந்தச் சுதந்திரத்தை எப்படி நிறுவுவது? ஆகவே பொதுவான நடைமுறை, தன் கட்சிக்காரரைப் பற்றிப் படம் எடுப்பதில்லை. தன் படத்தின் ஆட்களைக் கட்சிக்காரராக எடுப்பதுமில்லை.

வழி

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு ஜேடி என்ற மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பு, பிறகு வழக்கறிஞராக உரிமம் பெற மாநிலத்தின் பார் தேர்வு. வெளிநாட்டில் சட்டம் படித்த பலர் ஓராண்டு எல்எல்எம் என்ற முதுநிலைச் சட்டப் படிப்பை முடித்து நியூயார்க் தேர்வு எழுதுகிறார்கள். பதிப்புரிமை, ஒப்பந்தம், அவதூறு, அந்தரங்கச் சட்டம் ஆகிய நான்கும் இந்த வேலைக்கு அடிப்படை. கலைஞர்களுக்கு இலவச சட்ட உதவி தரும் அமைப்புகள் பயிற்சிக்கு நல்ல இடம். நியூயார்க்கின் வாலண்டியர் லாயர்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் 1969லிருந்து இயங்குகிறது. வருமானம் பெரும்பாலும் சட்டப் பக்கத்திலிருந்துதான் வரும்: மணிக்கணக்கிலோ, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகவோ. சொந்தப் படம் வருடக்கணக்கில் மெதுவாக நகரும்.

அந்தச் சொந்தப் படத்தைப் பதிவு செய்வதில் மட்டும் மெத்தனம் கூடாது. அமெரிக்காவில் படத்தை வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், அல்லது யாராவது திருடுவதற்கு முன், பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் கேட்க முடியும். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு அந்த இழப்பீடு 1,50,000 டாலர் வரை போகும். நேரத்தில் பதியாதவர் தனக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆவணப்படம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் மிகச் சின்னது.